தலைச்சன் கணக்கு

ஆறு நாடுகள் தங்கள் கணக்குகளையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டி, யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தபோது, எல்லா நாடும் முதலில் அடுத்த நாட்டுக் கணக்கைத்தான் பார்த்தது. தன் கணக்கைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்ன சம்பளம் வாங்குகிறார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை மனிதர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்தால் அது தப்பு. நாடுகளுக்கும் உண்டு, கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

அந்தத் தளத்துக்கு ஒரு வரி நீளத்துக்கு அரசாங்கப் பெயர் ஒன்று இருந்தது. அதை முழுதாகச் சொன்னவர் யாருமில்லை. ஜனங்கள் வாயில் அது பொதுக்கணக்கு. அதன் தலைமை அலுவலகத்தைத் தன் தலைநகரில் வைக்க வேண்டும் என்று ஆறு நாடும் சண்டை போட்டு, ஒருவர் ஊரை இன்னொருவர் ஒப்புக்கொள்ளாமல், கடைசியில் யாருக்கும் தலைநகராக இல்லாத திருகோணமலையில் கொண்டுபோய் வைத்தார்கள். துறைமுகத்துக்கு மேலே ஒரு மேட்டில் கட்டடம். மதியச் சாப்பாடு முடிந்தால் புள்ளிமான்கள் வந்து குப்பைத் தொட்டியில் வாய் வைக்கும். வெளிநாட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் அவற்றைப் படம் எடுப்பார்கள். இரண்டாவது வாரம் விரட்டுவார்கள்.

செண்பகவல்லி அங்கே ஒப்பீட்டுப் பிரிவின் தலைவி. சொந்த ஊர் தூத்துக்குடி. வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கணவர் சென்னையில், மகன் வேறு எங்கோ. கணக்கு என்றால் அவளுக்குச் சாப்பாடு வேண்டாம், தூக்கம் வேண்டாம்.

அவள் வேலையை எளிதாகச் சொல்லிவிடலாம். ஒரு நாடு இவ்வளவு வெங்காயத்தைப் பக்கத்து நாட்டுக்கு அனுப்பினேன் என்று கணக்குக் காட்டினால், அந்தப் பக்கத்து நாடு அதே அளவு வெங்காயம் வந்தது என்று காட்ட வேண்டும். கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இருக்காது. அனுப்பியவர் கணக்கில் ஒன்று, வாங்கியவர் கணக்கில் ஒன்று, நடுக்கடலில் வெங்காயம் காணாமல் போயிருக்கும். அந்த வெங்காயம் யார் பைக்குள் போனது என்று பார்ப்பதுதான் ஒப்பீட்டுப் பிரிவின் பிழைப்பு. வெங்காயம், டீசல், சிமெண்ட் என்று பலதையும் அவள் அப்படிப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். சும்மா சொல்லக் கூடாது, இரண்டு மந்திரிகள் பதவி போனது அவளால்தான்.

பொதுக்கணக்குக்கு ஒரு சத்தியம் உண்டு. அதில் எண்ணிக்கை வரும், பெயர் வராது. எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் கப்பல் ஏறினார்கள் என்று அன்றாடம் விழுந்துகொண்டே இருக்கும். யார் என்று தெரியாது. பெயரைக் கொடுக்க எந்த நாடும் சம்மதிக்கவில்லை, அது நியாயமும்கூட. ஆனால் ஓர் ஒப்பீடு சரிபார்ப்பில் தேர்வாகிவிட்டால், அதில் ஏதாவது கோணலாகத் தெரிந்த உடனே இயந்திரம் தானாகவே எல்லைகளுக்கு ஐயக் குறி ஒன்றை அனுப்பும். இந்த வழியில், இந்த வகைச் சரக்கு, நிறுத்திப் பாருங்கள் என்று. யார் கையெழுத்துக்கும் அது காத்திருக்காது.

வெங்காயத்தில் பார்த்த கண்ணாடியைக் குழந்தைகளில் பார்த்தால் என்ன என்று ஒருநாள் செண்பகவல்லிக்குத் தோன்றியது. யோசனை அவளுடையதுதான். ஒரு நாட்டில் பிறக்கிற குழந்தை ஒரு வயதுக்குள் ஏழெட்டுத் தடவை ஊசி போட வந்தாக வேண்டும். பிறப்புக் கணக்கையும் ஊசிக் கணக்கையும் எதிரெதிரே வைத்தால், பிறந்து பிறகு காணாமல் போன குழந்தைகள் தெரிந்துவிடும்.

வைத்தாள். தெரிந்தது. தூத்துக்குடியிலும் அக்கம்பக்கத்திலும் பிறந்த குழந்தைகளில் சில நூறு பேர் முதல் இரண்டு ஊசிக்கு வந்தார்கள், மூன்றாவதற்கு வரவில்லை. சாவுக் கணக்கிலும் இல்லை. அதே சமயம் கடலுக்கு இந்தப் பக்கம், பிறப்பே பதிவாகாத குழந்தைகள் சில நூறு பேர் ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் எங்கிருந்தோ முளைத்து மூன்றாவது ஊசிக்கு வந்து நின்றார்கள். அங்கே குறைந்த எண்ணிக்கையும் இங்கே கூடின எண்ணிக்கையும் ஒட்டினாற்போல் பொருந்தின. பிறப்புப் பதிவில் தாயின் வசிப்பிடம் என்ற இடத்தில் எல்லாமே தூத்துக்குடிப் பக்கத்து ஊர்கள். அந்த ஊர்த் தாய்மார்கள் பெற்ற பிள்ளைகள் இந்த நாட்டில் வளர்கின்றன. தாய்மார்கள்?

அவள் எழுதிய அறிக்கையில் கடத்தல் என்ற சொல் இல்லை. விளக்கப்படாத இடப்பெயர்வு என்றுதான் எழுதினாள். ஒப்பீடு தேர்வானது. மறுநாள் ஆறு நாட்டுப் பத்திரிகைகளும் பிள்ளை கடத்தல் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டன. இயந்திரம் ஐயக் குறியை அனுப்பியது: தூத்துக்குடி–திருகோணமலைக் கப்பல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள். அன்றிலிருந்து அந்தக் கப்பலில் வந்த கைக்குழந்தைகளையெல்லாம் துறைமுகத்தில் வாங்கிக் குழந்தைகள் காப்பகத்தில் வைத்தார்கள். தாய்தான் என்று மரபணுச் சோதனையில் தெரிந்த பிறகே தருவார்கள். இரண்டு நாட்டிலும் மாதிரி எடுத்து, இரண்டு நாடும் ஒப்புதல் கொடுத்து முடிய பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரை சந்தேகத்துக்குரியவர் குழந்தையோடு தங்கக் கூடாது. காப்பகத்து வாசலில் காத்திருந்தால், பால் கொடுக்க ஒரு நாளைக்கு இரண்டு தடவை உள்ளே விடுவார்கள்.

ஜோஸ்லின் என்றொரு தாய் அலுவலகத்துக்கு வந்தது குழந்தையைப் பிரிந்து ஆறேழு நாள் ஆன பிறகு. கூட அவள் கணவன் நிரோஜன். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன், கையில் எவ்வளவு கழுவினாலும் போகாத கருப்பு. அவன் வாசலிலேயே நின்றுகொண்டான். பொதுவாக அந்த அலுவலகத்துக்குப் பொதுமக்கள் வருவதே கிடையாது. எண்ணிக்கையோடு சண்டை போட யார் வருவார்கள்? வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தூத்துக்குடிக்காரர் என்றதும் செண்பகவல்லியிடம் தள்ளிவிட்டாள்.

ஜோஸ்லினுக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து இருக்கும். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள். செண்பகவல்லி நாற்காலியைக் காட்டி, ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டாள். திரேஸ்புரம் என்றாள். கடற்கரைப் பக்கமா என்றதற்கு, கடற்கரையேதான் என்றாள்.

செண்பகவல்லி முறைப்படி எல்லாம் விசாரித்தாள். கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது, கல்யாணம் ஆன மறுமாதமே இங்கே வந்தாயிற்று, வீடு இங்கேதான், உப்புவெளியில். ரேஷன், வாக்கு எல்லாம் இங்கே. அப்படியென்றால் பிரசவப் பதிவில் வசிப்பிடம் ஏன் தூத்துக்குடி என்று இருக்கிறது என்று கேட்டபோது, ஜோஸ்லின் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"நானாக்கா சொன்னேன்? நான் வலியில கெடக்கேன். நர்ஸ் வந்து அட்ரஸ் என்னன்னு கேக்காங்க. எங்கம்மை சொன்னாவ. அம்மை எந்த அட்ரஸ சொல்லுவாவ? அவிய வீட்டு அட்ரஸத்தான சொல்லுவாவ."

செண்பகவல்லி பேனாவைக் கீழே வைத்தாள்.

"தலப்பிரசவத்துக்கு அம்மை வீட்டுக்குப் போனேன். அஞ்சு மாசம் இருந்துட்டு புருசன் வீட்டுக்கு வாரேன். இதுக்குப் போயி பிள்ளையப் புடுங்கி வச்சிருக்காங்க. நீங்க எங்கக்கா பெத்தீங்க, ஒங்க பிள்ளைய?"

செண்பகவல்லி தன் மகனைப் பெற்றது தூத்துக்குடியில், அவள் அம்மா வீட்டில். அப்போது அவளுக்கு வேலையும் வீடும் டெல்லியில் இருந்தன. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து ரயிலேறி, பிள்ளைக்குத் தலை நின்ற பிறகுதான் திரும்பினாள். ஆஸ்பத்திரியில் முகவரி யார் சொன்னார்கள் என்று அவளுக்கு நினைவில்லை. நினைவில்லாமல் இருப்பதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். அவள் சொல்லவில்லை.

ஊரில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு, தாய்வீட்டுப் பிரசவம் காற்று மாதிரி. இருப்பதே தெரியாது. டாக்காவிலிருந்து வந்த ஓர் ஆள் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் ஒருவேளை யாரிடமாவது விசாரித்திருப்பான். அவள் விசாரிக்கவில்லை, அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஜோஸ்லின் போன பிறகு அவள் பக்கத்து மேசை ஞானசீலனைக் கூப்பிட்டாள். அவன் திருகோணமலைக்காரன், அவளுக்குக் கீழே வேலை பார்க்கிற கெட்டிக்காரன். விஷயத்தைச் சொன்னதும் அவன் நம்பவில்லை.

"பிள்ளை பெற தாய்வீட்ட போறதா? எதுக்கு அக்கா?"

"முதல் பிள்ளைக்குப் போவாங்க. வழக்கம்."

"எங்கட பக்கத்தில பொம்பிளை எங்கயும் போறதில்ல. கலியாணம் முடிஞ்சா மாப்பிள்ளைதான் பொட்டி கட்டிக்கொண்டு பொம்பிளை வீட்ட வாறது. அவ பிறந்த வீட்டிலயே இருப்பா, அங்கயே பெறுவா. அதான் எனக்கு விளங்கேல்ல. உங்களுக்கு எப்பிடி விளங்காமப் போச்சு?"

அவன் குத்திக்காட்டிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதனால் இன்னும் உறைத்தது.

அந்த வாரம் முழுக்க இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். காணாமல் போன குழந்தைகள் அத்தனையும் தலைச்சன். இரண்டாவது பிள்ளை ஒன்றுகூட இல்லை. கடத்துகிறவன் தலைச்சனாகப் பார்த்தா கடத்துவான்? கடலுக்கு இரண்டு பக்கமும் கல்யாணச் சம்பந்தம் பெருகின வருஷத்திலிருந்துதான் அந்த எண்ணிக்கையும் பெருகியிருந்தது. நூற்றுக்கு நூறும் அம்மா வீட்டுப் பிரசவம்.

செண்பகவல்லி ஒரு விதியை எழுதினாள். ஒரு தாய் தன் முதல் குழந்தையைத் தாய்வீட்டு ஊரில் பெற்றுக்கொண்டு வருகிறாள் என்றால், அந்தக் குழந்தை காணாமல் போனதாகவோ முளைத்ததாகவோ கணக்கில் வராது. துறைமுகத்தில் தலைச்சன் என்று தாய் சொன்னால் போதும், நிறுத்த வேண்டாம். சொன்னால் மட்டும் போதுமா, அத்தாட்சி ஏதும் கேட்க வேண்டாமா என்று இயக்குநர் கேட்டார். அந்தப் பெண் ரவிக்கை நனைந்து வந்து உட்கார்ந்ததை அவள் சொல்லவில்லை. ஒரு தாயிடம் நீ தாய்தானா என்று கேட்பது எந்த நாட்டுக்கும் அழகில்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள். ஆறு நாட்டுக்கும் அந்த வாசகம் பிடித்துப்போயிற்று. இரண்டு நாடுகள் அதை மேடையில்கூடச் சொல்லிக் கைதட்டு வாங்கின.

விதி வருவதற்குள் ஜோஸ்லினின் சோதனை முடிவு வந்து குழந்தையைக் கொடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. அது அதற்குள் பாட்டிலுக்குப் பழகிவிட்டது. தாய்ப்பாலுக்குத் திரும்பவே இல்லை. செண்பகவல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்புவெளிக்குப் போய், அந்தக் கணக்கைப் போட்டது தான்தான், வழக்கம் தெரிந்தும் யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஜோஸ்லின் டீ கொடுத்தாள், நன்றாகத்தான் பேசினாள். குழந்தையை மட்டும் அவள் மடியில் கொடுக்கவில்லை. நிரோஜன்தான் சமாளிப்பாக ஏதோ சிரித்து, புள்ள தூங்குது அக்கா என்றான். அது தூங்கவில்லை, கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தலைப்பிரசவ விதிக்குப் பிறகு எல்லாம் சுமூகம். விளக்கப்படாத இடப்பெயர்வு என்ற கட்டத்தில் பூஜ்யம் விழுந்தது. அந்தப் பூஜ்யத்தை இயக்குநர் பெரிதாக அச்சடித்துத் தன் அறையில் மாட்டினார். கப்பலில் வாரத்துக்கு ஏழெட்டுத் தாய்மார்கள் கைக்குழந்தையோடு வருவார்கள். தலைச்சனா என்று அதிகாரி கேட்பார், ஆமா என்பார்கள், போய்க்கொண்டே இருப்பார்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் போனது.

பிறகு கப்பல் கம்பெனி தன் ஆண்டுக் கணக்கைப் பொதுக்கணக்கில் போட்டது. அதில் பிரயாணிகள், சரக்கு, வாந்தியெடுத்தவர்களுக்குக் கொடுத்த மாத்திரை உட்பட எல்லாம் இருந்தது. கர்ப்பிணிகள் கப்பல் ஏறுவதற்கு டாக்டர் கடிதம் வேண்டும் என்பது கம்பெனி சட்டம். அதனால் எத்தனை கர்ப்பிணிகள் திருகோணமலையிலிருந்து தூத்துக்குடிக்குப் போனார்கள் என்ற எண்ணிக்கையும் அதில் இருந்தது. செண்பகவல்லி அதை எடுத்து, தலைச்சனோடு திரும்பி வந்தவர்கள் எண்ணிக்கைக்கு எதிரே வைத்தாள். ஒரு காரணமும் இல்லை. எதிரெதிரே வைப்பது அவள் பழக்கம்.

போன வயிறுகளை விட வந்த தலைச்சன்கள் அதிகமாக இருந்தார்கள்.

அவள் ஞானசீலனிடம் காட்டினாள். அவன் ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லிப் பார்த்தான். வயிறு தெரியாத மாதத்திலேயே போயிருக்கலாம். அவர்களைக் கழித்தார்கள். விமானத்தில் போய்க் கப்பலில் வந்திருக்கலாம். கழித்தார்கள். அங்கே கல்யாணம் கட்டி, அங்கேயே பெற்று, பிள்ளையோடு முதல் தடவையாகப் புருஷன் வீட்டுக்கு வருகிறவர்கள் இருக்கலாம். தாராளமாகவே கழித்தார்கள். முப்பது குழந்தைகள் மிஞ்சி நின்றன.

"முப்பதுதான அக்கா. கணக்கில சின்ன வித்தியாசம் இருக்கும்தான."

"கொறஞ்சா நான் கேக்க மாட்டேன், சீலன். போற வயிறெல்லாம் பிள்ளையா வராது. கலையும், பிள்ளை தவறும், திரும்பி வராமயும் போவாங்க. முன்னாடி வருசங்களப் பாருங்க, எப்பவும் போனவங்கள விட வந்தவங்க கம்மி. இது கூடியிருக்கு. எப்பிடிக் கூடும்?"

ஞானசீலன் முன் வருஷங்களை மாதவாரியாக எடுத்துப் பார்த்தான். விதி வந்த நான்காவது மாதம் வரை குறைவுதான். ஐந்தாவது மாதம் கோடு திரும்பியிருந்தது.

"அப்ப முதல்ல பத்திரிகையில போட்டது பொய். இப்ப அது உண்மையா வந்திட்டுது" என்றான். கோடு திரும்பிய இடத்தில் விரலை வைத்து, "நாங்கதான் கதவத் திறந்து விட்டிருக்கிறம்" என்றான்.

அவன் நாங்கள் என்றது மரியாதைக்கு. திறந்தது யார் என்று இருவருக்கும் தெரியும். தலைச்சன் என்று ஒரு வார்த்தை சொன்னால் யாரும் நிறுத்த மாட்டார்கள் என்பதை, பிள்ளை வாங்குகிறவனும் விற்கிறவனும் நான்கு மாதத்தில் கண்டுகொண்டிருக்கிறார்கள். யார் என்று மட்டும் தெரியாது. பொதுக்கணக்கில்தான் பெயர் வராதே. முப்பது குழந்தைகள் கூடுதலாக வந்திருக்கின்றன என்று தெரியும். எந்த முப்பது என்று எந்த இயந்திரமும் சொல்லாது.

இயக்குநரிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான். கணக்குத் துறையில் இப்படிப்பட்டவற்றைப் போடுவதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறதே என்று நினைவூட்டினார். புள்ளிவிவர வேறுபாடு என்று அதற்குப் பெயர். எந்த நாட்டுக் கணக்கிலும் கடைசி வரியாக அது இருக்கும். கூட்டிப் பார்த்தால் ஒட்டாத மிச்சம் மீதியை அதில் தள்ளிவிட்டால் மேலே எல்லாம் சரியாகிவிடும். முப்பதை அங்கே போடுங்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அவர் தலைக்கு மேலே சுவரில் அந்தப் பூஜ்யம் இருந்தது.

அவள் முப்பதை அந்தக் கட்டத்தில் போட்டுப் பார்த்தாள். நன்றாகவே பொருந்தியது. ஆயிரக்கணக்கான டன் வெங்காயத்துக்கும் டீசலுக்கும் பக்கத்தில் அது கண்ணிலேயே படவில்லை. பிறகு அழித்தாள்.

ஒப்பீட்டுப் பிரிவின் தலைவிக்கு ஓர் அதிகாரம் உண்டு. யாரையும் கேட்காமல் ஓர் ஐயக் குறியைத் திரும்ப உயிர்ப்பிக்கலாம், அதன் முன்னால் எந்த விலக்கு விதியும் செல்லாது. அப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று இந்தத் தடவை அவளுக்குத் தெரியும். வருகிற கப்பலில் உள்ள அத்தனை கைக்குழந்தைகளும் தாயிடமிருந்து போகும். அதில் ஒன்றோ இரண்டோ வேறு யாரோ பெற்றதாக இருக்கும். மற்றதெல்லாம் பெற்றவள் கையில் இருக்கிற குழந்தை. அதன் தாய் ரவிக்கை நனைய வாசலில் நிற்பாள். செய்யாவிட்டால் ஒருவரும் நிற்க மாட்டார்கள். எங்கோ ஒருத்தி பெற்ற பிள்ளை மட்டும் சத்தமில்லாமல் இறங்கிப் போகும்.

இரண்டு கப்பல்களை விட்டுவிட்டாள். மூன்றாவது கப்பலுக்கு முந்தின நாள் காப்பகத்துக்கு நேரில் போனாள். தாய்மார்கள் பிள்ளைகளோடு உள்ளேயே தங்க இடம் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். சட்டத்தில் இடமில்லை என்றார்கள். வாசலில் உட்கார நிழலாவது போடுங்கள் என்றாள். அதற்குச் சம்மதித்தார்கள். தன் செலவில் தகரக் கொட்டகை ஒன்று போட்டு, பாயும் தண்ணீரும் வைக்க ஏற்பாடு செய்தாள். பால் கொடுக்க நாலு தடவையாவது விடுங்கள் என்று மன்றாடி அதையும் வாங்கினாள். அப்புறம் அலுவலகத்துக்கு வந்து ஐயக் குறியைப் போட்டாள்.

அடுத்த நாள் இரவு கப்பல் வந்தது. கைக்குழந்தைகள் எட்டு. எட்டையும் வாங்கி, காலில் எண் கட்டி, காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் முற்பகல் செண்பகவல்லி அங்கே போனாள். போகாமல் இருந்திருக்கலாம், யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலருக்குத் துணையாக மாமியார், நாத்தனார். ஓரத்தில் ஒரு பெண்ணின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஜோஸ்லின் இருந்தாள். அந்தப் பெண் அவள் தங்கை லிடியா. நிரோஜனின் தம்பியைக் கட்டியவள், தலைப்பிரசவத்துக்குப் போய்விட்டு நேற்றுத்தான் வந்தாள். இது செண்பகவல்லிக்குத் தெரியாது. கணக்கில் பெயர் வருவதில்லையே.

ஜோஸ்லின் எழுந்து வந்தாள். சத்தம் போடவில்லை. இடுப்பில் அவள் மகள், வளர்ந்திருந்தது, வாயில் விரல்.

"அன்னைக்கு வழக்கம் தெரியும், யோசிக்காமச் செஞ்சிட்டேன்னு சொன்னீங்க. இன்னைக்கு?"

"யோசிச்சுத்தாம்மா செஞ்சேன்" என்றாள் செண்பகவல்லி.

போன வயிறுகளையும் வந்த தலைச்சன்களையும் பற்றி அவள் சொன்னாள். மிஞ்சின முப்பதைச் சொன்னாள். அந்த விதியைத் தான்தான் எழுதியதாகவும், ஜோஸ்லினை மனசில் வைத்துக்கொண்டு எழுதியதாகவும், அதில்தான் அவர்கள் நுழைந்துவிட்டதாகவும் சொன்னாள். ஜோஸ்லின் கேட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் ஒன்றும் இளகவில்லை.

"ஏதோ ஒரு பிள்ளைக்காக எந்தங்கச்சி பால் வத்தணும். அதான?"

ஆமாம் என்பதுதான் அதற்குப் பதில். ஜோஸ்லின் திரும்பிப் போய்த் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் தடவையாகப் பால் கொடுக்க விடும் நேரம் வந்தது. ஆயா கதவைத் திறந்து, காலில் கட்டின எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒருத்தி துள்ளி எழுந்து ஓடினாள். லிடியா ஓடும்போது செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். ஆயா கடைசி எண்ணையும் கூப்பிட்டாள். உள்ளே ஒரு குழந்தை வீரிட்டுக்கொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டாள். பாத்ரூம் போயிருப்பாள் என்று யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்தார்கள், அங்கே யாரும் இல்லை. கொட்டகையில் மிஞ்சியிருந்த மாமியார்களும் நாத்தனார்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜோஸ்லின் பாய்களைப் பார்த்தாள். ஒவ்வொரு பாயிலும் ஒரு பை, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு. விரலை மடக்காமல் கண்ணாலேயே எண்ணினாள். பிறகு செண்பகவல்லியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்துலருந்து இங்க பெத்தவங்க ஏழு பேருதாங்க்கா இருக்காங்க" என்றாள்.